ஆடிக்காற்றுக்கு முன் வாங்க வேண்டியது

ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு நான்.
வண்டியை முப்பது மில்லி இறக்கினேன்.
பின்னால் லிங்க்கை மாற்றி,
முன்னால் ஃபோர்க்கைக் கிளாம்புக்கு மேலே ஏற்றி.
ஹோப்ஸ் சிக்னலில் நுனிவிரலால் தார்ரோட்டைத் தடவிக்கொண்டிருந்தவள்
இப்போது இரண்டு குதிகாலும் ஊன்றி
பக்கத்து பஸ்காரரை முறைக்கிறேன்.

ஸ்டாண்டை மறந்துவிட்டேன்.
அது மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது.
சாய வேண்டிய வண்டி
அட்டென்ஷனில் நின்றது.

பல்லடம், ஆனி கடைசி, ஒரு நூல் குடோன் வாசல்.
பாலக்காட்டுக் கணவாயில் புகுந்த காற்று
காற்றாலைகளைச் சுற்றிவிட்டு
மிச்சக் கையால் என் வண்டியைத் தொட்டது.
வலப்பக்கம் நின்ற மொபெட்டின் மேல், கோன் மூட்டையோடு சேர்த்து,
நூற்று எழுபது கிலோ.
மொபெட்காரர் கத்தவில்லை.
"ஏனுங் அம்மிணி, உங்க வண்டி
நின்னுக்கிட்டே தூங்குதாட்டம் இருக்குது."

பிரேக் லீவர், ஒரு கண்ணாடி,
அவருடைய இண்டிகேட்டர் இருநூற்றைம்பது ரூபாய்.

பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் எனக்கு.
எதையும் அளக்காமல் வாங்கமாட்டேன்.
நிற்கும் வண்டியின் டிஸ்க்கில் செல்போனை ஒட்டிவைத்துப் பார்த்தால்
சாய்வு நான்கு டிகிரி.
பத்தாவது வேண்டும்.
பதினைந்தைத் தாண்டினால்
காலையில் நிமிர்த்த இன்னோர் ஆள் வேண்டும்.
கணக்குப் போட்டேன்: ஸ்டாண்டு இருபத்துமூன்று மில்லி குட்டையாக வேண்டும்.

உக்கடத்தில் பழைய சாமான் குவியலிலிருந்து
எந்த வண்டியின் காலோ ஒன்று கிடைத்தது.
நீளம் அச்சு அசல்.
போல்ட் துளையில் வெர்னியரை விட்டதும்
கடைக்காரர் முகம் சுருங்கியது.
இரண்டு மில்லி ஆட்டம்.
வைத்துவிட்டு வந்தேன்.

ஆவாரம்பாளையத்தில் தேவராசு
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினான்.
"அறுத்து ஒட்டிப்போடலாமுங். பத்து நிமிசம்."
ஒட்டு விட்டால்?
"விடாதுங்."
நாளைக்கு மறுபடி உயரம் வேண்டுமென்றால்?
என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தான்.
எனக்கு இருபத்தொன்பது. இனி வளரமாட்டேன்தான்.
விற்கும்போது வாங்க வருபவன் ஆறடி இருக்கலாமே.

இரவில் செல்போன் திரையில் ஒன்று,
தங்க முலாம் பூசியதுபோல் அலுமினியம்,
வரிசையாகத் துளைகள்.
பின்னைப் பிடுங்கி அடுத்த துளையில் சொருகினால் போதும்.
துளைக்குத் துளை பத்து மில்லி.
என் இருபத்துமூன்று எந்தத் துளையிலும் இல்லை.

கடைசியில் கறுப்பாய் ஒன்று.
உள்ளே மரை, மேலே லாக் நட்டு.
பாதம் அகலம், செம்மண்ணில் புதையாது.
ஸ்டாண்டு சுவிட்சைத் தொடும் மூக்கும் இருந்தது;
அது இல்லாமல் போனால்
ஸ்டாண்டை மடக்கினாலும் இன்ஜின் நம்பாது.
நாலாயிரத்து எண்ணூற்றைம்பது.
பார்சலைப் பிரித்ததும் மரையில் விரலோட்டிப் பார்த்தேன்.
பிசிறு இல்லை.

வீட்டுக்காரர் போர்டிகோவில் மாட்டினேன்.
அளவு பிசகாமல் இருபத்துமூன்று. சாய்வு ஏழுதான்.
மூன்று முறை அளந்தபிறகுதான் தரையைப் பார்த்தேன்.
மழைத்தண்ணீர் வடிய கொத்தனார் வைத்த வாட்டம்.
என் கணக்கில் அவர் இல்லை.
ஒரு சுற்று உள்ளே, அரைச்சுற்று வெளியே,
கடைசியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு
கைப்பிடியை உலுக்கிப் பார்த்தே முடிவு செய்தேன்.
நட்டை இறுக்கி
நட்டிலிருந்து தண்டுவரை ஒரு மஞ்சள் கோடு,
கம்பெனியில் பாஸான பம்புக்குப் போடுவேனே, அதே பெயிண்ட்.
கோடு உடைந்தால் மரை நகர்ந்திருக்கிறது.
தினம் குனிந்து பார்க்கிறேன்.

ஆடி பத்து. அதே குடோன், அதே காற்று.
தகரக் கூரை தடதடக்கிறது.
மேற்கே பார்த்து நிறுத்தி, சாய்த்து,
ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
வண்டி அசையவில்லை.
மொபெட்காரர் வந்தார்.
மஞ்சள் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தன் வண்டியை நாலடி தள்ளி
வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் நிறுத்தினார்.